ஒன்றை மட்டும்

விண்ணப்பத்தின் ஏழாவது கட்டம்: இசை வகை.
ஓர் அங்குலம் வெற்றிடம்.
கீழே பொடி எழுத்தில்,
ஒன்றை மட்டும் குறிப்பிடுக.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
சலூனுக்கும் அடகுக் கடைக்கும் நடுவில்
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த அறை.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு.
தகரத்தில் மழை இறங்கினால் பதிவை நிறுத்திவிட்டு
பிளேன்டீ குடிப்போம்.
ஹட்டனில் அது பாதி நாள்.

பாட்டு, வராத நோர்வூட் பஸ்ஸைப் பற்றியது.
நான்கு நிமிடம் பதினொரு செக்கன்.

நிலந்த கிட்டாரை மடியில் கவிழ்த்தான்:
"பைலான்னு போடுங்க, ஆடுவாங்க."
"பைலான்னா நடுவர் சிரிப்பார்," என்றாள் மெர்லின்,
சேர்ச்சில் பழகிய விரல்களால்
கீபோர்டின் தூசியைத் துடைத்துக்கொண்டே.
ரிஸ்மிக்கு அவசரம், கடைசி பஸ்:
"ஃபியூஷன். முடிஞ்சிது. எழுது."

மண்ணெண்ணெய் அடுப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த
தவச்செல்வம் அப்போதுதான் நிமிர்ந்தான்.
"ஃபியூஷன்னா
அதுல நான் எங்க இருக்கேன்?"

யாரும் பேசவில்லை. அவனே பேசினான்.
"எங்க டிவிஷன்ல தப்புன்னு ஒத்தையா ஒன்னு கெடையாது.
பெரட்டுக்கு ஒன்னு, சாமிக்கு ஒன்னு,
பொண்ணழைக்க ஒன்னு, பொணம் தூக்க ஒன்னு.
மாத்தி அடிச்சா
அடிக்கிறவனுக்குத்தான் அடி."

நான் பகலில் தொழிற்சாலையில், சல்லடை அறையில்.
ஒரே மலை, ஒரே கொழுந்து, ஒரே இரவின் வாட்டம்;
சல்லடை குலுங்கக் குலுங்க
பி.ஓ.பி. ஒரு சாக்கில், டஸ்ட் ஒரு சாக்கில்.
டஸ்ட் என்றால் குப்பை என்று நினைப்பவன்
அதைக் குடித்ததில்லை.
கொழும்பில் எல்லாவற்றையும் கலந்து
பளபளக்கும் பெட்டியில் அடைத்தபின்
எங்கள் மலையை எந்தக் கரண்டியில் தேடுவது?
கலப்பதில் எனக்குக் கோபமில்லை.
கலந்தபின் யாரையும் கேட்காமல் வைக்கிறார்களே,
அந்தப் பெரிய பெயரில்தான்.

பெயர்களையும் நம்புகிறவள் இல்லை நான்.
'சாவு மேளம்' என்று ஒன்றை ஒட்டிவிட்டதால்
தவத்தின் தப்பு பள்ளிக்கூட மேடை ஏறியதில்லை.
அக்காவின் பிள்ளையைப் பதியப் போனபோது
இனம் என்ற கட்டத்தில்
'இந்திய' என்று எழுதினார் லிகிதர்.
மலையகம் என்று எழுதுங்கள் என்றோம்.
அப்படி ஒரு வகை இல்லை என்றார்.
நாள் முழுக்க வரிசையில் நின்றோம்.
நான் போன முதல் கச்சேரி அதுதான்,
பாட்டே இல்லாத கச்சேரி.

மழை பலத்தது. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.

மூன்றாவது நிமிடம் தாண்டி ஓர் இடம்.
பைலாவும் ஆறு, சாமி அடியும் ஆறு,
ஆனால் ஒரே ஆறு இல்லை.
நிலந்தவின் ஆறு துள்ளும்.
தவத்தின் ஆறு தரையைத் தேடும்.
நாலைந்து சுற்று முட்டிக்கொண்டு,
பிறகு எதிரெதிரே வந்த இரண்டு லொறிகள்
குறுகிய பாதையில் கண்ணாடியை மடக்கி
உரசாமல் கடப்பதுபோல்
கடந்தன.

"அது என்ன?" என்றாள் மெர்லின்.
"எது?"
"அந்த... அது. இன்னொருக்கா போடு."
ரிஸ்மி முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான்,
தவறான இடத்தில் நிறுத்தினான்.
"இது இல்ல, அதுக்கு அங்கால."
"எதுக்கு அங்கால?"
பெயர் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்க
ஐந்து பேரும் கையால் காற்றில் கோடு போட்டோம்.

"நோர்வூட் வளைவு," என்றான் ரிஸ்மி, எரிச்சலில்.
"பஸ் திரும்புமே, எல்லாரும் ஒரு பக்கம் சாய்வாங்களே."

ஏழாவது கட்டத்தில்
மெர்லின் பைலா என்று எழுதி
கமா போட்டு சாமி அடி என்று எழுதி
இன்னொரு கமாவில் பேனையை நிறுத்தி வைத்திருந்தாள்.
அங்குலம் முடிந்துவிட்டிருந்தது.

தகரத்தில் சத்தம் தேய்ந்தது.
ரிஸ்மியின் கடைசி பஸ் கீழே ஹோர்ன் அடித்துப் போனது.
தவச்செல்வம் தப்பை விரலால் சுண்டிப் பார்த்தான்,
தோல் இறுகியிருந்தது.

"வளைவுலருந்து எடுப்பமா?" என்றான்.
எல்லோருக்கும் விளங்கியது
எங்கிருந்து என்று.